சிம் ஸ்டார்ட்டருக்குக் காப்புரிமை நோட்டீஸ்: பணம் கட்டவா, கோர்ட்டுக்குப் போகவா?

பீளமேட்டுப் பட்டறை:
செல்போனிலிருந்தே கிணற்று மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் சிம் கார்டு போட்ட ஸ்டார்ட்டர் செய்கிறேனுங்க. பல தோட்டத்து ஸ்டார்ட்டர்களை ஒரே சர்வர் வழியாக ஓட்டுவது தங்கள் காப்புரிமை (பேட்டன்ட்) என்று ஒரு கம்பெனி வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கிறது, பெட்டிக்கு இவ்வளவு என்று ராயல்டி கேட்கிறார்கள். என்ன செய்யட்டும்?

பவானிக்காரன்:
ஒரு பைசா கட்டாதீங்க. காப்புரிமை கொடுத்துவிட்டதாலேயே அது செல்லும் என்று ஆகிவிடாது, காப்புரிமைச் சட்டத்தின் 13(4) பிரிவே அப்படித்தான் சொல்கிறது. அவர்கள் கேஸ் போட்டால் 64-வது பிரிவின்படி ரத்து செய்யச் சொல்லி எதிர்வழக்குப் போடுங்கள். விபிஎன் (இணையத்தில் பாதுகாப்பான தனி இணைப்பு) காப்புரிமைக்காக விர்நெட்எக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி ஆப்பிள் மேல் போட்ட கேஸைப் பாருங்கள்: 2020-ல் டெக்சாஸ் ஜூரி 50.28 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது, ஆனால் 1996-ல் ஜப்பானில் இருந்து வந்த ஓர் ஆய்வுக் கட்டுரையில் அந்த யோசனை ஏற்கெனவே இருந்தது என்று காட்டியதும் காப்புரிமையே நிற்கவில்லை, 2023-ல் மேல்முறையீட்டு கோர்ட்டும் அதையே சொல்லிவிட்டது.

அவினாசி ரோடு:
அண்ணா, அதே விர்நெட்எக்ஸுக்கு முந்தைய கேஸில் ஆப்பிள் 45.4 கோடி டாலரை எண்ணி வைத்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. ஆப்பிள் தாங்கும், பட்டறைக்காரர் தாங்குவாரா? கோயம்புத்தூரிலேயே கேஸ் போட்டாலும், ரத்து கேட்டு எதிர்வழக்குப் போட்டதும் அது ஹைகோர்ட்டுக்கு மாறிவிடும், அப்புறம் வாய்தாவுக்கு வாய்தா சேரன் எக்ஸ்பிரஸில் ஏற வேண்டியதுதான். பேரம் பேசி முடிப்பதே லாபம்.

பவானிக்காரன்:
இரட்டை சிம் போனுக்கு மதுரைக்காரர் ஒருவர் வாங்கிய காப்புரிமையை 2012-ல் ரத்து செய்தார்களே?

அவினாசி ரோடு:
அதை எதிர்த்துப் போனது போன் கம்பெனிகள். லேத் பட்டறை இல்லை. ரத்து செய்த அந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்தையே 2021-ல் மூடிவிட்டார்கள்.

பொள்ளாச்சி நெட்:
ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். காப்புரிமை கொடுத்ததாக வெளியிட்டு ஒரு வருடம் ஆகவில்லை என்றால் 25(2)-ன் கீழ் காப்புரிமை ஆபீஸிலேயே எதிர்க்கலாம், கோர்ட்டே வேண்டாம். இல்லையென்றால் அவர்களுடைய முதல் உரிமைக்கோரலை, அதாவது எதெல்லாம் தங்களுடையது என்று காப்புரிமையில் எழுதியிருப்பதை, வரிவரியாகப் படியுங்கள். அதில் சொன்ன ஒரு அம்சம் உங்கள் பெட்டியில் இல்லாவிட்டாலும் மீறல் என்று சொல்வது கஷ்டம். எல்லாமே இருந்தால், அவர்கள் விண்ணப்பித்த தேதிக்கு முன்னால் அதே யோசனையோடு அச்சான ஏதாவது ஒன்றைத் தேடுங்கள், நம்ம ஊர் கொடிசியா கண்காட்சியில் கொடுத்த விளம்பரத் தாளாக இருந்தாலும் சரி.

பீளமேட்டுப் பட்டறை:
ஒரு வருடம் எப்போதோ தாண்டிவிட்டது, உரிமைக்கோரலில் உள்ள எல்லாமே என் பெட்டியிலும் இருக்கிறது. ஆனால் நேற்று ராத்திரி அப்பாவின் பீரோவைக் குடைந்ததில் ஒரு மடிப்புத்தாள் கிடைத்ததுங்க. நடுவில் ஒரு கம்ப்யூட்டர், சுற்றிலும் ஆறு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒரு சிம், அச்சு அசல் அதே படம். எங்கேயும் தேதி மட்டும் போடவில்லை.

பவானிக்காரன்:
தாளின் அடியில் பிரஸ் பெயர் இருக்கிறதா பாருங்கள். பழைய பில் புத்தகத்தைக் கட்டுக் கட்டாக வைத்திருப்பார்கள்.

அவினாசி ரோடு:
பில் கிடைத்தால் நானும் உங்கள் பக்கம்தானுங்க. அதுவரை நோட்டீஸுக்கு வக்கீலை வைத்துப் பதில் மட்டும் போட்டு வையுங்கள்.