மறு: செய்யூ, அஃபுரெக்கோ – தமிழில் என்ன சொல்லலாம்?

> செய்யூவுக்குப் புதுச்சொல் எதற்கு? 'பின்னணிக் குரல்' இருக்கிறதே. அவரும் டப்பிங் பேசுகிறவர்தானே?

ஐயா, வணக்கம். ஜப்பானில் அனிமே எனும் அசைபடங்களின் பாத்திரங்களுக்குக் குரல் கொடுப்பவரே செய்யூ.

பின்னணி என்றாலே முன்னால் முகம் காட்ட ஓர் ஆள் வேண்டும். டிராகன் பால் அனிமேயில் 1986 முதல் நாயகன் கோக்குவாகப் பேசுபவர் மசாக்கோ நொசாவா, 1936-இல் பிறந்த பெண்மணி. கோக்குவின் பிள்ளைகள் கோஹான், கோட்டென் இருவருக்கும் அவரே. அப்பனும் பிள்ளைகளும் ஒரே காட்சியில் பேசிக்கொண்டால் எல்லாம் ஒரே தொண்டை. அவர் யாருக்குப் பின்னால் நிற்கிறார்? கோக்குவுக்கு வேறு நடிகரே கிடையாது. ஜப்பானியச் சொல்லிலும் 'செய்' என்பது குரல். 'யூ' என்பது நடிகரைக் குறிக்கும் 'ஹைய்யூ'வின் வால். ஆகவே 'குரல் நடிகர்' என்பதே என் வாக்கு.

ஆளுக்கு ஒரு சொல் போதும், வேலைக்கு இரண்டு வேண்டும். கோயிச்சி யாமதெராவைப் பாருங்கள். கவ்பாய் பீபாப் என்ற அனிமே தொடரில் நாயகன் ஸ்பைக்கின் குரல் அவர்தான். எடி மர்ஃபி, ஜிம் கேரி படங்களை ஜப்பானிய மொழியில் பார்த்தால் அங்கேயும் பல படங்களில் அவர் குரல். இந்த இரண்டாவது வேலை ஃபுக்கிக்காயே, நம்மூர் டப்பிங்கேதான். 'மொழிமாற்றக் குரல்' என்று முடித்துவிடலாம்.

சிக்கல் முதலாவதில், அதாவது அனிமேவுக்குக் குரல் கொடுப்பதில். அதன் பெயர் அஃபுரெக்கோ, 'ஆஃப்டர் ரெக்கார்டிங்' என்பதை ஜப்பானியர் நறுக்கிக்கொண்டது. கூடத்தில் மூன்று நான்கு மைக், அதைவிட அதிகமான ஆட்கள். ஒரு கையில் வசனத்தாள், கண் திரையில். தன் முறை வரும்போது காலியான மைக் முன் வந்து பேசிவிட்டு, அடுத்தவருக்கு இடம் விட்டு ஒதுங்க வேண்டும். தாளைத் திருப்பும் சத்தம்கூட விழக்கூடாது. (2020-இல் கொரோனா வந்ததும் சிறு குழுக்களாகப் பிரித்தார்கள்.) திரையில் பல நேரம் முடிந்த படமே இருக்காது, பென்சில் கோடுகள், அசையாத காட்சிப் படங்கள். யார் பேச வேண்டுமோ அந்தப் பாத்திரத்தின் பெயர் திரையில் எழுந்து, பேச வேண்டிய நேரம் முழுவதும் நின்று மறையும். நம் டப்பிங் தியேட்டரில் 'லிப் பார்த்துப் பேசு' என்பார்கள். அங்கே பார்க்க லிப்பே இருக்காது!

இதற்கு நேரெதிர் முறையும் உண்டு. 1988-இல் வந்த அகிரா என்ற அனிமே படத்தில் பேச்சை முதலில் பதிந்துகொண்டு, அதற்கேற்ப வாயசைப்பை வரைந்தார்கள். அமெரிக்காவில் அதுவே வழக்கம். ஆகவே எது முன், எது பின் என்பது சொல்லில் தெரிய வேண்டும். 'முன்பதிவு' என்று வைக்கலாம்தான், ஆனால் ரயில்வேக்காரர்கள் அதை எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். 'பின்பதிவு' மறுபடியும் பின்னணியில் கொண்டுபோய் விடும். என் பரிந்துரை: அஃபுரெக்கோவுக்குப் 'படவழிக் குரற்பதிவு', அகிரா முறைக்குக் 'குரல்வழி வரைவு'. எது எதைப் பின்தொடர்கிறது என்று கேட்டவுடன் புரியும்.

---

> படவழிக் குரற்பதிவு

தம்பி, 'படவழி'க்கு என் ஓட்டு. 'குரற்பதிவு' வேண்டாம், புணர்ச்சி பார்த்து எழுதினால் ஸ்டூடியோவில் எவரும் சொல்லமாட்டார்கள். 'குரல்பதிவு' என்றே இருக்கட்டும். 'குரல் கலைஞர்' என்று ஏற்கெனவே புழங்குகிறதே என்று நாளை ஒருவர் கேட்பார். விளம்பரம், அறிவிப்பு, மிமிக்ரி எல்லாம் அதில் அடங்கிவிடுகிறது. நடிப்பு என்ற சொல்லே காணாமல் போகிறது. ஆகவே குரல் நடிகரே சரி.

'கயா' என்றும் ஒன்று இருக்கிறது, பட்டியலில் விட்டுவிட்டீர்கள். கடைத்தெரு, வகுப்பறைக் காட்சிகளில் பின்னால் கேட்கும் கும்பல் பேச்சு. பெரும்பாலும் புதிதாக வந்தவர்கள் தலையில்தான் விழும். 'கூட்ட இரைச்சல்' என்றால் போக்குவரத்துச் செய்தி மாதிரி இருக்கிறது. 'சலசலப்பு' என்று வைத்தால் என்ன? 'அவன் இன்னும் சலசலப்பில்தான் இருக்கிறான்' என்று சொல்லிப் பார்த்தேன், வாயில் நன்றாகவே உட்காருகிறது. வேறு யாருக்காவது மறுப்பு உண்டா?