பத்திரம் பதிந்தாச்சு, வில்லங்கத்தில் வரவில்லை – ஏன்?

கேள்வி:
மனை கிரையம் பதிந்து ஒரு வருஷம் ஆகிறது. உட்பிரிவு முடிந்து பட்டாவும் எங்கள் பெயரில் 112/3பி என்று வந்துவிட்டது. அந்த எண்ணை வைத்து இணையத்தில் வில்லங்கம் (சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போட்டால் எங்கள் கிரையமே காணோம். வங்கியில் கேட்கிறார்கள். பிழைத்திருத்தல் பத்திரம் போட வேண்டுமா?

பதில் 1:
அவசரப்பட்டுப் போடாதீர்கள். அதற்கு விற்றவரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். முதலில் அதே தளத்தில் சர்வே எண்ணை விட்டுவிட்டு, சார்பதிவகம், ஆவண எண், ஆண்டு கொடுத்துத் தேடுங்கள். வந்துவிட்டால் பதிவு சரி, சிக்கல் தேடிய எண்ணில்தான். அப்படியும் வராவிட்டால் ஆவணம் நிலுவையில் இருக்கலாம். உங்கள் பத்திரத்தின் சொத்து விவரத்தில் சர்வே எண் எப்படி இருக்கிறது?

கேள்வி கேட்டவர்:
ஆவண எண் போட்டால் வருகிறது. சொத்து விவரத்தில் "112/3-ல் வடபாகம் 4½ சென்ட்" என்று இருக்கிறது.

பதில் 2:
அப்ப விடை கிடைத்துவிட்டது. பதிந்த அன்றைக்கு 3பி என்ற எண்ணே கிடையாது. சர்வேயர் அளந்து பிரித்த பிறகு வந்தது. பத்திரத்தை அட்டவணையில் (வில்லங்கம் தேடிப் பார்க்கும் பதிவேட்டில்) ஏற்றுவது அதில் எழுதியிருக்கும் எண்ணை வைத்துத்தான். உட்பிரிவு எண் கொடுப்பது வருவாய்த்துறை. அது மாறியதற்காகப் பதிவுத்துறை பழைய அட்டவணையைத் திருத்தாது. 112/3, 112/3பி இரண்டையும் சேர்த்து வில்லங்கத்துக்கு மனு போடுங்கள். 112/3-ல் மற்றவர்கள் வாங்கிய பாகங்களும் கூடவே வரும், மிரள வேண்டாம். நான்கு எல்லையைப் பார்த்து உங்களுடையதைப் பிரித்துக்கொள்ளலாம். வங்கிக்கு இதோடு பட்டா, புலப்படம் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) வைத்தால் போதும்.

பதில் 3:
மேலே சொன்னது சரி. பத்திரத்தில் சரியாக இருந்து அட்டவணையில் மட்டும் தப்பாக ஏறியிருந்தால், அதற்கும் புதுப் பத்திரம் தேவையில்லை. ஆவண நகலோடு சார்பதிவாளரிடம் மனு கொடுத்தாலே திருத்தலாம். பத்திரத்திலேயே எண் தப்பென்றால்தான் பிழைத்திருத்தல். சொத்தே மாறுகிறது என்று சார்பதிவாளர் கருதினால் கிரையத்துக்கு உண்டான முத்திரைத் தீர்வையைக் கேட்பார் என்பதையும் மனதில் வையுங்கள்.

இன்னொன்று: 30 வருஷ வில்லங்கம் கேட்டால், இடையில் உங்கள் கிராமம் வேறு சார்பதிவகத்துக்கு மாறியதா என்று விசாரியுங்கள். மாறியிருந்தால் பழைய அலுவலகத்தின் பெயரிலும் தேட வேண்டும். நாளைக்கு விற்கும்போது "பழைய எண் 112/3, தற்போதைய உட்பிரிவு 112/3பி" என்று இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். ஆவண எழுத்தர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.