மறு: நிறவகையா, நிறக்கோலமா? – கிலுகிலுப்பை விரியன் கையேட்டுச் சொற்கள்

குழுமத்தார் அனைவருக்கும் வணக்கம்.

இழை நீண்டு பல கிளைகளாகப் பிரிந்துவிட்டதால் எல்லாவற்றுக்கும் ஒரே மடலில் பதில் எழுதிவிடுகிறேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வரி: அரிசோனா, டெக்சஸ், கலிபோர்னியா பக்கம் குடியிருந்து, வார இறுதியில் பிள்ளைகளோடு மலைப்பாதைகளில் நடக்கப் போகும் நம்மவர்களுக்கு, ராட்டில் ஸ்நேக் (வாலை அதிர்த்து ஒலி எழுப்பும் நச்சுப்பாம்பு) பற்றி ஒரு சிறு கையேடு எழுதுகிறோம். அதற்கான தமிழ்ச் சொற்கள்தான் இங்கே பேச்சு.

முதலில் தலைச்சொல்லை, அதாவது அந்தப் பாம்பின் தமிழ்ப் பெயரை, முடித்துவிடுவோம்.

> "சலங்கைப் பாம்பு" என்றால் காதுக்கு இனிமையாக இருக்கிறதே? கிலுகிலுப்பை குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் ஆயிற்றே.

இனிமைதான், மறுக்கவில்லை. ஆனால் சலங்கை உலோகம், உள்ளே பரல் உண்டு. பாம்பின் வாலில் பரல் எதுவும் கிடையாது. நம் நகம் எதனால் ஆனதோ அதே கெராட்டினால் ஆன கூடான கண்ணிகள் ஒன்றுக்குள் ஒன்று தளர்வாகக் கோத்திருக்கும். வாலை அதிர்க்கும்போது அவை ஒன்றோடொன்று தட்டி ஒலிக்கின்றன. பரல் என்று பார்த்தால் கிலுகிலுப்பையும் சரியில்லை என்பீர்கள். இருந்தாலும் அதற்கு வேறொரு பலம் இருக்கிறது. காய்ந்த காய்க்குள் விதை குலுங்கும் ஒரு செடியை நாம் ஏற்கெனவே கிலுகிலுப்பை என்றுதான் சொல்கிறோம். லின்னேயஸ் 1753-இல் அந்தச் செடிக்குக் குரோட்டலேரியா என்று பெயர் வைத்தார். 1758-இல் இந்தப் பாம்புக்குக் குரோட்டலஸ் என்று வைத்தார். இரண்டுக்கும் வேர் ஒரே கிரேக்கச் சொல், கையில் தட்டி ஒலிக்கும் கருவியின் பெயர். செடிக்கும் பாம்புக்கும் தமிழிலும் ஒரே சொல் அமைவது நல்ல பொருத்தம்.

"பாம்பு" என்று விடாமல் "விரியன்" என்று முடிப்பது என் விருப்பம். இது குழிவிரியன் கூட்டத்தைச் சேர்ந்தது. கண்ணுக்கும் மூக்குத்துளைக்கும் நடுவே வெப்பம் உணரும் குழி இருக்கிறது. விரியன் என்ற சொல்லே படிப்பவரை எச்சரித்துவிடும். ஈழத்து நண்பர் "புடையன்" என்பதை நினைவூட்டினார். சொற்பட்டியலில் இரண்டையும் போடுவோம்.

சரி, உண்மையான சண்டைக்கு வருவோம்.

> கலர் மார்ஃப் (ஒரே இனத்துக்குள், ஒரே இடத்தில் காணும் வேறு நிறத் தோற்றம்) = நிறவகை. ஜியாகிராஃபிக் வேரியண்ட் (இடத்துக்கு இடம் மாறும் தோற்றம்) = வட்டார வகை. எளிமையாக முடிந்தது. ஏன் இவ்வளவு விவாதம்?

எளிமையாக முடிந்ததுபோல் தெரிவதுதான் சிக்கல். "வகை" என்றவுடன் படிப்பவர் மனதில் அது தனி இனம் என்று பதிந்துவிடும். "இரண்டு வகைப் பாம்பு பார்த்தேன், ஒன்று மஞ்சள், ஒன்று கறுப்பு" என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் இரண்டு இனம் என்றுதான் எடுத்துக்கொள்வார். கிழக்கு அமெரிக்காவின் வனக் கிலுகிலுப்பை விரியனை எடுத்துக்கொள்ளுங்கள் (டிம்பர் ராட்டில் ஸ்நேக், "மரக் கிலுகிலுப்பை" வேண்டாம், மரத்தில் தொங்கும் என்று எதிர்பார்ப்பார்கள்). பென்சில்வேனியா, நியூயார்க் மலைகளில் இதில் மஞ்சளும் உண்டு, கறுப்பும் உண்டு. இரண்டும் குளிர்காலத்தில் ஒரே பாறைப் பொந்தில் சேர்ந்து அடைகின்றன, தங்களுக்குள் இணைகின்றன. குட்டிகள் எல்லாம் பிறக்கும்போது சாம்பல் நிறம். நிறம் ஏறுவது வளர வளரத்தான். மஞ்சள் பெண், கறுப்பு ஆண் என்ற பேச்சும் உண்டு. நிறத்தை வைத்து அப்படிப் பிரித்துவிட முடியாது.

இதே பாம்பு தெற்கே, கரோலினா முதல் டெக்சஸ் வரையுள்ள தாழ்நிலத்தில் வேறு தோற்றத்தில் இருக்கிறது. இளஞ்சிவப்பு ஓடிய சாம்பல் உடம்பு, முதுகின் நடுவே செங்காவி வரி, கறுத்த வால். நாணல்போல் அடர்ந்த மூங்கிற்புதர்களில் வாழ்வதால் அங்கே அதற்கு "கேன்பிரேக்" என்று தனிப் பெயரே இருக்கிறது. இது ஒரே பொந்தில் இரண்டு நிறம் என்ற கதை இல்லை. இடம் மாற மாறத் தோற்றம் மெல்ல மாறுகிறது. ஒரு காலத்தில் இதைத் தனி உள்ளினமாக (ஓர் இனத்துக்குள் அடங்கும் பிரிவு, சப்ஸ்பீசீஸ்) வைத்திருந்தார்கள். அளந்து பார்த்தபோது கோடு கிழிக்க இடமே கிடைக்கவில்லை, இன்று பெரும்பாலோர் அந்தப் பிரிவை ஏற்பதில்லை. நாகர்கோவிலில் ஏறி ஊர் ஊராக இறங்கிச் சென்னை வரை வந்தால் பேச்சுத் தமிழ் மாறிக்கொண்டே வரும், எந்த ஊரில் மாறியது என்று காட்ட முடியாது, அல்லவா? அந்த மாதிரி.

ஆக, இரண்டு நிகழ்வு. ஒன்றில் ஒரே இடத்தில் பல தோற்றம். மற்றதில் இடத்துக்கு இடம் வேறு தோற்றம். இரண்டையும் "வகை" என்ற ஒரே முளையில் கட்டினால் கையேட்டின் பாதிப் பயன் போய்விடும். என் முன்மொழிவு:

கலர் மார்ஃப் – நிறக்கோலம்
இடத்தோடு ஒட்டிய தோற்றம் – வட்டாரக்கோலம்
இரண்டு வட்டாரக்கோலங்கள் சந்திக்கும் இடத்தில் நடுவாந்தரமாக இருப்பவை (இண்டர்கிரேட்) – இடைக்கோலம்

> கோலம் என்றால் வாசலில் போடுவது இல்லையா? பாம்பின் முதுகுச் சித்திரத்தைச் சொல்கிறார்கள் என்று நினைப்பார்களே.

நல்ல கேள்வி, கோவை அம்மா. மணக்கோலம், தவக்கோலம், அலங்கோலம் எல்லாம் வாசலில் போடுவதல்லவே! கோலம் என்றால் எடுத்துக்கொண்ட தோற்றம். உயிர் அதேதான், தோற்றம் வேறு. மார்ஃப் என்பதற்கு இதைவிட நெருக்கமான சொல் எனக்குத் தெரியவில்லை. முதுகுச் சித்திரத்துக்குத் தனியாக ஒரு பொதுச்சொல் வேண்டாம் என்பேன். திட்டு, பட்டை, வரி, புள்ளி என்று இருப்பதை இருப்பதுபோல் சொன்னாலே போதும். "நிலக்கோலம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதில்தான் உண்மையாகவே தரையில் மாக்கோலம் தெரிகிறது, அதனால் விட்டுவிட்டேன். "நிறமாற்றம்" கூடவே கூடாது, ஓணான் மாதிரி நினைத்தபோது நிறம் மாறும் என்று ஆகிவிடும்.

இண்டர்கிரேடுக்குக் "கலப்பினம்" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். அதைக் கண்டிப்பாக வேறு வேலைக்கு ஒதுக்க வேண்டும். இரண்டு தனித்தனி இனங்கள் கூடிப் பிறந்தால் கலப்பினம். ஒரே இனத்துக்குள் இரு வட்டாரத் தோற்றங்களுக்கு நடுவே நிற்பது இடைக்கோலம். இது வெறும் சொல் சுத்தம் இல்லை, சட்டம் வரை போகிறது. வர்ஜீனியா மாநிலத்தில் கடலோரச் சமவெளியில் உள்ள கேன்பிரேக்கை மட்டும் அழியும் நிலையில் உள்ளதாகப் பட்டியலிட்டிருக்கிறார்கள், மலைப் பக்கத்து அதே இனத்தை அப்படி வைக்கவில்லை. உள்ளினம் என்று நூல்கள் சொல்லாவிட்டாலும் வட்டாரக்கோலத்துக்கு ஒரு பெயர் தேவைப்படுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நம்மூர் எடுத்துக்காட்டு ஒன்று கேட்டிருந்தீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் மலபார் குழிவிரியனையே போடலாம். பச்சை, பழுப்பு, மஞ்சள் என்று ஒரே காட்டில் பல நிறக்கோலம்.

நிறம் பாறையைப் பின்பற்றும் கதையும் கையேட்டில் வர வேண்டும். அமெரிக்கத் தென்மேற்கின் புள்ளிக் கிலுகிலுப்பை விரியன் வெளிறிய கருங்கல் மலையில் ஏறக்குறைய வெள்ளையாக, எரிமலைக் கல் கிடக்கும் இடத்தில் கருமையாக, சில இடங்களில் ஆரஞ்சும் இளஞ்சிவப்புமாக இருக்கும். படத்தைப் பார்த்து நிறத்தை ஒப்பிடுபவருக்கு இது ஐந்தாறு இனமாகத் தெரியும். வட்டாரக்கோலம் என்ற சொல்லை விளக்க இதுவே முதல் படமாக இருக்கட்டும்.

அடுத்தது எனக்கு மிக முக்கியமாகப் படுவது. கீ கேரக்டர் என்பதற்கு "அடையாளம்" என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த அடையாளத்தை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று சொல்லாத கையேடு ஆபத்து. "உறுதிக்குறி", "துணைக்குறி" என்று பிரிக்கலாம். நிறம் எப்போதும் துணைக்குறி மட்டுமே.

அரிசோனாவில் அதிகம் குழம்புவது இரண்டு கிலுகிலுப்பை விரியன் இனங்களில்: மேற்கு டைமண்ட்பேக், மொஹாவி. இரண்டுக்கும் வாலில் கறுப்பு வெள்ளை வளையம், முதுகில் சாய்சதுரத் திட்டு. மொஹாவியை "மொஹாவி கிரீன்" என்பார்கள், ஆனால் பழுப்பு மொஹாவி நிறைய உண்டு, பச்சை ஓடிய வேறு இனங்களும் உண்டு. பச்சை இல்லை, அதனால் மொஹாவி இல்லை என்று ஒருவர் நினைத்தால் கதை கந்தல். பார்க்க வேண்டியவை வேறு. டைமண்ட்பேக்கின் வாலில் கறுப்பும் வெள்ளையும் ஏறத்தாழ ஒரே அகலம். மொஹாவியில் வெள்ளை அகலம், கறுப்பு ஒல்லி. கண்ணுக்குப் பின்னால் இறங்கும் வெளிர்கோடு டைமண்ட்பேக்கில் வாய் முடிவதற்கு முன்பே மேலுதட்டைத் தொட்டுவிடும். மொஹாவியில் வாய் முனைக்கு மேலாகப் பின்னே போய்விடும். உச்சந்தலையில் இரு கண்களுக்கு நடுவே டைமண்ட்பேக்குக்குச் சிறு செதில்கள் பல. மொஹாவிக்குப் பெரிய செதில்கள் இரண்டு மூன்றுதான். இந்தச் செதில் கணக்கை உறுதிக்குறி என்றும், வால் அகலத்தைத் துணைக்குறி என்றும் போடுகிறேன். அழுக்கு, தோலுரிக்கும் பருவம், வெயில் எல்லாம் வால் வளையத்தை ஏமாற்றிவிடும். இந்த இரண்டு பாம்பினங்களும் கூடிக் கலப்பினம் பிறந்த பதிவும் உண்டு என்பதால் எந்தக் குறியையும் தனியாக நம்ப வேண்டாம் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும்.

செதிலை எண்ணப் பாம்பின் பக்கத்தில் யாரும் போகக் கூடாது என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். தள்ளி நின்று ஜூம் செய்து எடுத்த படத்தில் எண்ணினால் போதும். கடிபட்டவர் இனம் கண்டுபிடிக்கும் வேலையில் இறங்கவே வேண்டாம், நேராக மருத்துவமனை. மொஹாவி ஒரே இனம்தான், ஆனால் நஞ்சிலும் வட்டார வேறுபாடு உண்டு. சில பகுதிகளில் நரம்பைத் தாக்கும் நச்சு, சில பகுதிகளில் அது இல்லாமல் இரத்தத்தையும் திசுவையும் கெடுக்கும் நச்சு. வெளித்தோற்றத்தில் எதுவும் தெரியாது. இதற்குக் கோலம் என்ற சொல் ஒட்டாது; "நஞ்சு வேறுபாடு" என்றே விட்டுவிடலாம்.

டைமண்ட்பேக்கை "வைரமுதுகன்" ஆக்க வேண்டும் என்று ஒரு குரல். தமிழில் வைரம் கல்லின் பெயர், உறுதியின் பெயர், வடிவத்தின் பெயர் இல்லை. வைரம் பாய்ந்த கட்டை என்பதுபோல முதுகு இறுகிய பாம்பு என்று ஆகிவிடும். "சாய்சதுர முதுகன்" பள்ளிக் கணக்குப் புத்தக வாடை அடிக்கிறது. "கட்டமுதுகன்" எனக்குப் பிடித்திருக்கிறது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

ரேஞ்ச் என்ற சொல்லுக்குப் "பரவல்" வேண்டாம். 2020-க்குப் பிறகு பரவல் என்றாலே நோய்ப் பரவல்தான். ஈழத்தில் "பரம்பல்" நெடுங்காலமாகப் பாடநூல்களில் இருக்கிறது, நல்ல சொல். ஆனால் டிஸ்டிரிபியூஷன் என்ற பொதுப்பொருளுக்கு அதை வைத்துக்கொண்டு, வரைபடத்தில் வண்ணம் பூசிக் காட்டும் பகுதிக்கு "வாழ்பரப்பு" என்று சொல்லலாம். வாழ்பரப்பு வரைபடத்தின் கீழே, வண்ணம் பூசிய இடமெல்லாம் பாம்பு இருக்கும் என்று பொருளில்லை என்று எழுத வேண்டும். "பழைய வாழ்பரப்பு" என்றும் ஒன்று வேண்டும்: வனக் கிலுகிலுப்பை விரியன் முன்பு மெய்ன், ரோட் ஐலண்ட் மாநிலங்களிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் இருந்தது, இன்று அங்கே இல்லை. பழைய நூலின் படத்தை நம்பி மெய்னில் பார்த்ததாக எவராவது சொன்னால் மறுபடி விசாரிக்க வேண்டும். பெரும்பாலும் அது வாலை ஆட்டிச் சருகில் சத்தம் எழுப்பும் நஞ்சற்ற பாம்பாக இருக்கும். மேற்கே கோஃபர் பாம்பு இந்த வித்தையில் கெட்டிக்காரன். தலையைத் தட்டையாக்கிச் சீறி, வாலை அதிர்த்து, அதனாலேயே அநியாயமாக அடிபட்டுச் சாகிறது. அதன் வால் கூராக முடியும், அதுவே உறுதிக்குறி.

கண்ணிகளைப் பற்றி ஒன்றிரண்டு. "ஒரு கண்ணி, ஒரு வயது" என்ற நம்பிக்கையைக் கையேடு உடைக்க வேண்டும். தோலுரிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கண்ணி சேரும், ஓர் ஆண்டில் பல தடவை உரிப்பதும் உண்டு, முனைக் கண்ணிகள் ஒடிந்தும் விழும். கடைசி முனையில் இருக்கும் முதல் கண்ணிக்குப் (பட்டன்) "மொட்டு" நன்றாக வருகிறது. மொட்டு மட்டும் உள்ள குட்டியால் ஒலி எழுப்ப முடியாது, கடிக்க முடியும். குள்ளக் கிலுகிலுப்பை விரியனின் ஒலி பூச்சி ரீங்காரம் அளவுதான், சில அடி தள்ளி நின்றால் கேட்காது. கலிபோர்னியா வளைகுடாவில் உள்ள சான்ட்டா கட்டலினா தீவின் இனத்துக்கோ கிலுகிலுப்பையே கிடையாது, உரிக்கும்போது கண்ணி கழன்றுவிடுகிறது. பெயரில் கிலுகிலுப்பை, வாலில் இல்லை. ஆகவே ஒலியும் துணைக்குறிதான்.

இன்னும் தீராதது ஒன்று. மணலில் பக்கவாட்டாக நகரும் கிலுகிலுப்பை விரியனான சைட்வைண்டருக்கு என்ன பெயர்? கண்ணுக்கு மேல் கொம்புபோல் செதில் நிற்பதால் "கொம்பன் விரியன்" என்று எழுதியிருக்கிறேன். ஆனால் கொம்பன் என்றாலே நமக்கு யானை. பக்கவாட்டு நகர்வை வைத்து யாராவது வேறு சொல் தந்தால் இரண்டாம் பக்கத்தை அச்சுக்கு அனுப்பும் முன் மாற்றிவிடுகிறேன். மசசாகா என்ற இன்னொரு கிலுகிலுப்பை விரியனின் பெயரை ஒலிபெயர்ப்பாகவே விட்டிருக்கிறேன், அதில் மறுப்பு இருந்தாலும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஃபீனிக்ஸிலிருந்து