அவர் திருப்பூரில், நான் திருமங்கலத்தில், மனு எங்கே போடுவது?

கேள்வி:
கல்யாணமாகி ஆறு வருடம். ஒன்றரை வருடமாக மகனோடு திருமங்கலத்தில் அம்மா வீட்டில் இருக்கிறேன். பிரிய இருவருக்கும் சம்மதம்தான், ஆனால் என் இருபது பவுன் மாமியார் பீரோவில் இருக்கிறது, கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள். மகனுக்கு நாலு வயது. ராத்திரி அவன் அப்பாவின் பழைய சட்டையைக் கட்டிக்கொண்டு தூங்குவதைப் பார்த்தால் எடுத்த முடிவே ஆட்டம் காண்கிறது. வழக்குக்குத் திருப்பூர் வரை அலைய வேண்டுமா?

பதில்:
வேண்டாம் தங்கச்சி. மனைவி மனு போட்டால் தான் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம், 2003-இல் இந்து திருமணச் சட்டத்தில் அப்படித் திருத்தினார்கள். உங்கள் பகுதிக்கு உரிய நீதிமன்றமே போதும். சம்மத விவாகரத்து 13பி பிரிவில் வரும். மனு போடுமுன் ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டும், போட்ட பிறகு ஆறு மாதக் காத்திருப்பு. 2017 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி அந்த ஆறு மாதத்தை நீதிபதி தளர்த்தலாம், ஆனால் மனு போடும்போதே ஒன்றரை வருடம் பிரிந்திருந்து, ஜீவனாம்சம், குழந்தை விஷயமெல்லாம் பேசி முடித்திருக்க வேண்டும்.

பதில்:
நகை சீதனம், அது உங்கள் சொத்து. கடை பில், கல்யாண ஆல்பம் எடுத்து வையுங்கள். எடையோடு பட்டியல் போட்டு மனுவிலேயே எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது.

பதில்:
ஐந்து வயதுக்குள் பிள்ளை பெரும்பாலும் தாயிடம்தான், பயப்படாதேம்மா. என் மகளும் அப்படித்தான் சட்டையை விடமாட்டாள், நானும் பிடுங்கவில்லை. மாதம் இரண்டு ஞாயிறு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் அப்பாவிடம் விடுவேன், கையசைத்துவிட்டு வந்து டீக்கடை ஓரம் நின்று அழுவேன். நாலைந்து மாதத்தில் அவளாகவே சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள்.