காட்டுக்குள் சூரிய சார்ஜர்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

கெப்போங்கிலிருந்து:

வணக்கம். அடுத்த மாதம் முதல் முறையாகக் கூடாரம் போட்டுத் தங்கப்போகும் தம்பி ஒருவர், "அண்ணே, சோலார் பேனல் வாங்கட்டுமா, பவர் பேங்க் போதுமா?" என்று கேட்டார். ஒரு வரியில் சொல்லிவிட முடியவில்லை. என் அனுபவத்தை எழுதுகிறேன், நீங்களும் எழுதுங்கள்.

சில வருடங்களுக்கு முன் 21 வாட் மடிப்புப் பேனல் ஒன்று வாங்கினேன். முதலில் கொண்டுபோனது இங்கே மலேசியாவில், சிலாங்கூர் உலு லங்காட்டில் இருக்கும் குனோங் நுவாங் மலைக்கு. 1,493 மீட்டர் உயரம். பேனலைப் பைக்குப் பின்னால் மாட்டித் தொங்கவிட்டேன். நடக்க நடக்கச் சார்ஜ் ஏறிவிடும் என்று முழுதாக நம்பினேன். அடிவாரத்துப் பங்சூனிலிருந்து கெம் லோலோ முகாமிடத்துக்குப் போகும் அந்த முடிவே இல்லாத மண்பாதையில் அங்கங்கே வெயில் விழுந்தது. பேனலின் சிவப்பு விளக்கு எரியும், அணையும். கெம் லோலோவைத் தாண்டி மரங்களுக்குள் நுழைந்ததும் அது எரியவே இல்லை. சாயங்காலம் எடுத்துப் பார்த்தால், காலையில் இருந்ததைவிடக் கைப்பேசியில் சார்ஜ் குறைவு. சிணுங்கி சிணுங்கி வரும் மின்சாரத்தில் ஒவ்வொரு முறையும் திரை விழித்து எரிந்ததில், ஏறியதைவிடச் செலவானதுதான் அதிகம்.

நம் மழைக்காட்டில் உயரமான மரங்களே வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும். தரைக்கு வந்து சேர்வது நூற்றில் ஒன்றோ இரண்டோ. அந்த வெளிச்சத்தில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பேனலும் வேலை செய்யாது.

மறுநாள் இறங்கும்போது இருட்டிவிட்டது. வரைபடம் கைப்பேசியில், அதில் ஆறு விழுக்காடு மீதம். நெற்றி விளக்கும் மங்கிவிட்டது. கூட வந்தவர்களில் ஒருவருக்குக் கணுக்கால் பிசகியிருந்தது. அவசர உதவிக்கு 999 அழைக்க வேண்டி வந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

அதற்குப் பிறகு, ஒன்றிரண்டு இரவு என்றால் 10,000 எம்.ஏ.எச். (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அளவு) பவர் பேங்க் மட்டும்தான். எழுதியிருப்பது 10,000 என்றாலும், மாற்றும்போது வீணாவது போக, 5,000 பேட்டரி உள்ள கைப்பேசியை ஒன்றரை தடவைகூட நிரப்பாது. ஆனால் சிக்னல் இல்லாத காட்டில் விமானப் பயன்முறையில் போட்டு வைத்தால் அதுவே தாராளம். டவரைத் தேடித் தேடித்தான் கைப்பேசி செத்துப்போகிறது.

பாயான் லெப்பாஸிலிருந்து:

அண்ணே, நீங்கள் சொல்வது காட்டுக்குள். நான் கடற்கரைக் கதை சொல்கிறேன்.

பினாங்கு தேசியப் பூங்காவில் பந்தாய் கெராச்சுட்டில் அனுமதி வாங்கித் தங்கினோம். தெலுக் பஹாங் நுழைவாயிலிலிருந்து ஒன்றரை மணி நேர நடை. திறந்த மணல்வெளி, வெயிலுக்கா பஞ்சம் என்று நினைத்தேன். ஆனால் அந்தக் கடற்கரை மேற்குப் பார்த்தது, முதுகுப்பக்கம் மலை. சூரியன் மலையைத் தாண்டி மணலுக்கு வரவே ஒன்பது மணிக்கு மேல் ஆகிவிட்டது. பிற்பகல் மூன்று மணிக்கு வானம் கறுத்து மழை. கணக்குப் பார்த்தால் கையில் கிடைத்தது நாலைந்து மணி நேரம்தான்.

அதிலும் ஒரு தவறு செய்தேன். பேனலைச் சவுக்கு மர ஓரத்தில் விரித்திருந்தேன். ஒரு கிளையின் நிழல் ஒரு மூலையில் விழுந்தது. கொஞ்சம் நிழல்தானே என்று விட்டுவிட்டேன். கூட வந்த அக்கா வந்து அதை ஓரடி தள்ளிப் போட்டதும் விளக்கு பளிச்சென்று மாறியது. உள்ளே இருக்கும் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்தவை. தண்ணீர்க் குழாயை ஒரே ஓர் இடத்தில் மிதித்தாலும் முழுக் குழாயிலும் தண்ணீர் குறையும் இல்லையா, அதே மாதிரி.

கைப்பேசியைப் பேனலுக்குப் பக்கத்திலேயே வெயிலில் வைத்ததும் தவறு. சூடாகி, சார்ஜ் ஏற்றுவதை அதுவே நிறுத்திக்கொண்டது. லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடாது. இப்போது நீளமான சார்ஜர் கம்பி கொண்டுபோகிறேன். பேனல் வெயிலில், பவர் பேங்க் ஒரு துணிப்பைக்குள் நிழலில்.

குரங்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பளபளப்பாக எதையாவது விரித்து வைத்துவிட்டுக் குளிக்கப் போகாதீர்கள். எங்கள் கம்பியை ஒன்று பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. ஒருவர் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இரவில் அங்கே ஆமைகள் முட்டையிட ஏறும். சார்ஜ் இருக்கிறது என்பதற்காக வெள்ளை விளக்கை மணலில் அடித்துக்கொண்டு திரியாதீர்கள், தயவுசெய்து. வெளிச்சம் அவற்றைக் கடலுக்கே திருப்பிவிடும்.

செந்தூலிலிருந்து:

தங்கச்சி சொன்ன நிழல் விஷயத்தை எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள். நான் வேலையில் இருந்த காலத்தில் மின்சாரப் பக்கம்தான். அதனால் கொஞ்சம் கணக்குச் சொல்கிறேன்.

பேனலில் எழுதியிருக்கும் வாட், செல்லின் சூடு 25 டிகிரியாக இருக்கும் சோதனைக்கூடத்தில் அளந்தது. நம் ஊர் வெயிலில் பேனல் 65 டிகிரி வரை போகும். டிகிரிக்கு ஏறக்குறைய 0.4 விழுக்காடு குறையும் என்று வைத்தால், சூட்டிலேயே ஆறில் ஒரு பங்கு போய்விடுகிறது. மேகம், கோணம், கம்பி எல்லாம் சேர்த்து 21 வாட் பேனலில் 12 வாட் கிடைத்தால் எனக்குத் திருப்திதான்.

இன்னொன்று, மூடியில் உள்ளங்கை அளவு பேனல் ஒட்டிய பவர் பேங்க். பசார் மாலமில், அதாவது இரவுச் சந்தையில், நிறையப் பார்த்திருப்பீர்கள். 20,000 எம்.ஏ.எச். என்றால் 74 வாட்-மணி, அதாவது ஒரு வாட் வீதம் 74 மணி நேரம் ஏற்றும் அளவு. அந்தச் சின்ன மூடி உச்சி வெயிலில் தருவது ஒன்று, ஒன்றரை வாட். அதை நிரப்பக் குறைந்தது ஐம்பது மணி நேர நல்ல வெயில் வேண்டும், நம் ஊர் வானத்தில் பத்து நாளுக்கு மேல். அதுவும் பேட்டரியையே வெயிலில் காய வைத்துக்கொண்டு. பிள்ளைகள் உழைத்த காசை அதில் போடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

பேனல் எனக்கு உண்மையாகக் கைகொடுத்தது குனோங் தஹான் மலையில்தான். 2,187 மீட்டர், பல நாள் பயணம். கீழ்க்காட்டில் பேனலை வெளியே எடுக்கவே இல்லை. மேலே குட்டையான செடிகள் மட்டும் இருக்கும் திறந்த முகட்டில், காலை எட்டு மணிக்கே விரித்துவிட்டேன். மதியத்துக்கு மேல் மூடுபனி ஏறி எல்லாவற்றையும் மறைத்துவிடும் என்று வழிகாட்டி முன்பே சொல்லியிருந்தார். அந்த ஒரு காலையில் நிரம்பிய பவர் பேங்கில் நான்கு பேருடைய நெற்றி விளக்குகளும் இறங்கும் வரை எரிந்தன.

நேராகக் கைப்பேசிக்குக் கொடுக்க வேண்டாம். மேகம் ஒன்று கடந்தால் பல கருவிகள் மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டு, வெயில் திரும்பினாலும் பழைய நிலைக்கு வராது. கம்பியைக் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும். பவர் பேங்க் அவ்வளவு சிணுங்காது.

பட்டர்வொர்த்திலிருந்து:

ஐயா, அப்பாவுக்கு ரீசார்ஜ் செய்யும் காது கேட்கும் கருவி. தினமும் இரவு பெட்டியில் வைத்தால்தான் மறுநாள் ஓடும். அதனாலேயே முகாமுக்கெல்லாம் வரமாட்டேன் என்பார். போன வருடம் பேனலும் பவர் பேங்கும் எடுத்து, மூன்று இரவு அழைத்துப் போனேன். முதல் இரவு பெட்டியைச் சொருகிவிட்டுத் தூங்கிவிட்டோம். காலையில் பார்த்தால் ஏறவே இல்லை. கருவி இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால், எதுவும் மாட்டவில்லை என்று நினைத்துப் பவர் பேங்க் தானாக அணைந்துவிட்டது. அன்று முழுக்க அப்பா பேசாமலே உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் இரவு அதே பவர் பேங்கில் நெற்றி விளக்கையும் சேர்த்து மாட்டினேன். அது அணையாமல் ஓடியது. விடியற்காலையில் அப்பா என்னை எழுப்பி, "குருவிச் சத்தம் கேக்குதா?" என்றார். கைக்கடிகாரம் மாதிரிச் சின்னப் பொருள் வைத்திருப்பவர்களும் இதை முன்கூட்டியே வீட்டில் சோதித்துப் பாருங்கள்.

கெப்போங்கிலிருந்து:

இதை நான் யோசித்ததே இல்லை, தங்கச்சி. அப்பாவுக்கு என் வணக்கம்.

தம்பி, உனக்கு இரண்டு இரவுதான், அதுவும் காட்டுக்குள். பேனல் வாங்காதே. நிரப்பிய பவர் பேங்க், ஒரு மாற்றுக் கம்பி, தண்ணீர் புகாத பை. கைப்பேசியின் சார்ஜ் துவாரத்தில் ஈரம் இருந்தால் காய்ந்த பிறகுதான் சொருக வேண்டும். நீள விடுமுறையில் கெராச்சுட் போவதாக இருந்தால் சொல், என் பேனலைத் தருகிறேன். நீளக் கம்பியும் சேர்த்து.