ரொட்டேட்: சுழற்றுவதா, சுற்றுவதா, திருப்புவதா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலில் ஆங்கில ரொட்டேட் (rotate) எங்கே வந்தாலும் 'சுழற்று' என்றே வைத்துவிடலாம் என்று நம் குழுவில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆங்கிலம் ஒரே சொல்லை நாலு வேலைக்கு அனுப்புகிறது என்றால், நாமும் அப்படிச் செய்ய வேண்டுமா?

மலேசியாவில் எங்கள் கோல சிலாங்கூர்ப் பக்கத்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலையில், நீராவியில் வெந்த குலைகள் பெரிய இரும்பு டிரம்முக்குள் போகும். டிரம் சுழலச் சுழல, குலை மேலே ஏறிப் பொத்தென்று விழும். பழம் உதிர்ந்து கம்பி இடுக்கு வழியாகக் கொட்டும். வெறுங்குலை மறுமுனையில் வெளியேறும். டிரம் நின்ற இடத்திலேயே தன் அச்சில் ஓடிக்கொண்டிருக்கும். இதற்குச் 'சுழற்சி' கச்சிதம்.

பூமி தன் அச்சில் சுழல 23 மணி 56 நிமிடம். சூரியனைச் சுற்றி வர ஏறக்குறைய 365¼ நாள். இந்த இரண்டாவதைச் சிலர் 'வலம் வருதல்' என்கிறார்கள். அழகான சொல்தான், ஆனால் திசை இடிக்கிறது. கோயிலில் சாமியை வலக்கைப் பக்கம் வைத்து, கடிகார முள் போகும் திசையில் நடக்கிறோம். பூமியோ, வடதுருவத்துக்கு மேலிருந்து பார்த்தால், அதற்கு எதிர்த்திசையில் போகிறது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளை அந்தச் சொல்லை நம்பி அம்புக்குறி போட்டால் படமே தப்பாகிவிடும். 'சுற்றுதல்' போதும். திசை சொல்ல வேண்டுமானால் வலஞ்சுழி (கடிகார முள் திசை), இடஞ்சுழி (அதற்கு எதிர்த்திசை) இருக்கின்றன; கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருவலஞ்சுழி என்று ஊரே உண்டு.

கைப்பேசியில் படத்தை 90 பாகை மாற்றும் பொத்தானுக்குத் 'திருப்பு' என்றுதான் வைக்க வேண்டும். படம் ஒருதரம் திரும்பி நின்றுவிடுகிறது, காற்றாடி போல ஓடிக்கொண்டிருப்பதில்லை.

அப்புறம், ஆள் மாறி ஆள் வருவது. மலேசியாவில் 1957 முதல் 9 மாநில ஆட்சியாளர்களுக்குள் 5 ஆண்டுக்கு ஒருவராக மாமன்னர் ஆகிறார்கள். அதற்குச் 'சுழல்முறை' வேரூன்றிவிட்டது, இருக்கட்டும். ஆனால் ஆலை ஷிப்டுக்கு 'முறை மாற்றம்' என்றாலே எல்லாருக்கும் புரியும். 'இந்த வாரம் உன் முறை' என்றுதானே பேசுகிறோம்.

ரொட்டேஷன் ஸ்பீடுக்கு (rotation speed) என்ன சொல் என்று அக்கா ஒருவர் கேட்டிருந்தார்; அதற்குச் 'சுழல்வேகம்' சரி. ஆனால் எண்ணிச் சொல்லும்போது 'நிமிடத்துக்கு இத்தனை சுற்று' என்றுதான் வாயில் வருகிறது. அசைவுக்குச் சுழற்சி, எண்ணிக்கைக்குச் சுற்று என்று பட்டியலிலேயே குறித்துவிடலாமா? வேறு கருத்து இருந்தால் எழுதுங்கள்.