கராங்காஸ் விண்கல் கட்டுரை: ‘கூட்டு வெறி’க்கு மாற்றுச் சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பெரு நாட்டில் கராங்காஸ் என்ற சிற்றூருக்கு அருகே 2007 செப்டம்பர் 15 அன்று விண்கல் விழுந்தது. பள்ளத்தைப் பார்க்கப் போனவர்கள் பலருக்குத் தலைவலி, குமட்டல், வாந்தி. இதைப் பற்றிய அறிவியல் கட்டுரை ஒன்றைச் செப்பம் செய்துகொண்டிருக்கிறேன். அதில் ‘மாஸ் சைக்கோஜெனிக் இல்னெஸ்’ (நச்சோ கிருமியோ இல்லாமல், அச்சத்தால் ஒரு கூட்டத்தில் பலருக்கும் பரவும் உடல் உபாதை) என்பதற்குக் கட்டுரையாளர் ‘கூட்டு வெறி’ என்று போட்டிருக்கிறார். எனக்கு உறுத்துகிறது. பழைய கலைச்சொல் பட்டியலில் தேடினால் ‘இசிவு நோய்’ வரைதான் போக முடிகிறது. வேறு நல்ல சொல் உண்டா?

*

வணக்கம் ஐயா.

உறுத்தத்தான் வேண்டும். வெறி என்றாலே நாய்க்கடியும் கலவரமும்தான் நினைவுக்கு வரும். அங்கே யாரும் வெறிபிடித்து அலையவில்லை. குமட்டலோடு மருத்துவரிடம் போனார்கள். இசிவு என்றால் தசை இழுப்பு. அதுவும் அங்கே இல்லை. இரண்டும் இந்த நோயின் பழைய பெயரான ‘மாஸ் ஹிஸ்டீரியா’வை ஒட்டி வந்தவை. ‘ஹிஸ்டீரியா’வின் வேர் கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல். மருத்துவ உலகமே கைகழுவிய பெயரை நாம் எதற்கு இழுத்துவர வேண்டும்?

சொல்லுக்கு முன்னால் ஒரு சந்தேகம். கராங்காஸில் நடந்தது இந்த நோய்தான் என்று கட்டுரை அடித்துச் சொல்கிறதா? அப்படியானால் அதுதான் முதல் சிக்கல். மூன்று விளக்கங்கள் உண்டு. சொல்லைத் தேர்ந்தெடுக்கும் சாக்கில் நாமே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

முதலாவது ஆர்சனிக் என்ற நச்சுத் தனிமம். அந்தப் பகுதி நிலத்தடி நீரில் ஆர்சனிக் இயற்கையாகவே உண்டு. நீர்மட்டமும் மேலாகவே இருந்ததால் சுமார் 13 மீட்டர் அகலப் பள்ளத்தில் உடனே நீர் ஊறிவிட்டது. அது கொதித்துக் குமிழியிட்டதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அந்த ஆவியை மூச்சில் இழுத்ததால் வந்த கேடு என்பது விளக்கம். எனக்கு இது முழுசாக ஒட்டவில்லை. ஆர்சனிக் கலந்த நீரைக் கொதிக்க வைத்தால் நீர்தான் ஆவியாகும். ஆர்சனிக் பெரும்பாலும் அடியிலேயே தங்கிச் செறிவு கூடும். அதனால்தான் குடிநீரைக் காய்ச்சி ஆர்சனிக்கைப் போக்க முடியாது என்கிறார்கள். சூடு விஷயத்திலும் கவனம் வேண்டும். சிறிய கற்கள் காற்றில் வேகமிழந்து, பெரும்பாலும் சூடாறித்தான் தரையைத் தொடும். இது அப்படியில்லை. வேகத்தை முழுவதும் இழக்காமல் மோதிப் பள்ளமே பறித்த அபூர்வக் கல். மோதிய இடத்தில் வெப்பம் எழுந்திருக்கலாம்.

இரண்டாவது கந்தகம். விழுந்தது ‘சாதாரணக் காண்டிரைட்’ என்ற விண்கல் வகை. அதில் டிராய்லைட் என்ற இரும்புச் சல்பைடு உண்டு. மோதலில் அது சிதைந்தால் கந்தக வாயுக்கள் கிளம்ப வழி இருக்கிறது. ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சம் கலந்தாலே அழுகிய முட்டை நாற்றம். கூடினால் தலைவலி, குமட்டல். பள்ளத்தருகே துர்நாற்றம் வீசியதாக ஊரார் சொன்னதோடு இது பொருந்துகிறது.

மூன்றாவதுதான் நீங்கள் கேட்டது. வானத்திலிருந்து தீப்பந்து விழுகிறது, தரை அதிர்கிறது, பள்ளத்திலிருந்து நாற்றம் வருகிறது. பக்கத்தில் நிற்பவர் வாந்தி எடுக்கிறார். அப்புறம் உங்கள் வயிறு மட்டும் சும்மா இருக்குமா? 1998 நவம்பரில் அமெரிக்காவின் டென்னசியில் ஓர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியைக்கு வகுப்பறையில் பெட்ரோல் வாடை அடித்தது. தலைவலி, குமட்டல், மூச்சுத்திணறல். முதல் நாளே சுமார் 100 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். காற்று, நீர், ரத்தம் எல்லாவற்றையும் சோதித்தும் நச்சு எதுவும் சிக்கவில்லை. ஆனால் அந்த மாணவர்கள் நடிக்கவில்லை. தலைவலி நிஜம், வாந்தியும் நிஜம். நம் சொல் இதை மறைக்கக் கூடாது.

என் பரிந்துரை: ‘உளவழித் திரள்நோய்’. மரபுவழி நோய், நீர்வழி நோய் என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். அந்த வரிசையில் ‘உளவழி’ இயல்பாக உட்காரும். எந்த வழியாக வந்தது என்று மட்டும் சொல்லும். பொய் என்று சொல்லாது. ‘மனப்பிரமை’ அந்த வேலையைக் கெடுத்துவிடும்.

காரணம் தெரியாத நிலைக்குத் தனியாக ஒரு சொல் வேண்டும். ‘மர்ம நோய்’ வேண்டவே வேண்டாம். காய்ச்சலுக்குக் காரணம் பிடிபடாவிட்டால் ‘மர்மக் காய்ச்சல்’ என்று தலைப்புப் போட்டுக் கிலி கிளப்புகிற பழக்கம் செய்தித்தாள்களோடு இருக்கட்டும். ‘காரணம் அறியா நோய்த்திரள்’ சரியாக இருக்குமா?

*

இருவருக்கும் வணக்கம். ‘உளவழி’ பிடித்திருக்கிறது. மருத்துவராக எனக்கு இரண்டு தயக்கங்கள்.

ஒன்று, ‘நோய்த்திரள்’, ‘திரள்நோய்’ இரண்டும் ஒரே கட்டுரையில் வந்தால் வாசகர் திணறிப்போவார். முதலாவது நாம் கண்டது, இரண்டாவது நாம் முடிவு செய்தது. இரண்டும் கண்ணாடி பார்த்த மாதிரி இருக்கக் கூடாது. இன்னொன்று, கராங்காஸில் இரண்டு காரணங்கள் சேர்ந்தே இருந்திருக்கலாம். நெருங்கிப் போன சிலருக்கு வாயு, தள்ளி நின்ற பலருக்கு அச்சம். செய்திகளில் எண்ணிக்கை 200, 600 என்று மாறி மாறி வந்தது. ஊர் சுமார் 3,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஓடிப்போய்ப் பார்த்த வெளியூர்க்காரருக்குச் சும்மாவே தலை வலிக்கும்.

*

டாக்டர், முதல் தயக்கம் நியாயம். இலங்கை நண்பர்கள் கொரோனா காலத்தில் ‘கொத்தணி’ என்ற சொல்லைச் செய்திகளில் தாராளமாகப் புழங்கினார்கள். ஓரிடத்தில் கூட்டமாகப் பலருக்கு நோய் வந்தால் ‘கொத்தணி’. கேட்டதும் புரிகிறது. ‘காரணம் அறியா நோய்க் கொத்தணி’ என்று எடுத்துக்கொள்ளலாம். ‘திரள்நோய்’ இரண்டாவதற்கு மட்டும் இருக்கட்டும்.

இரண்டாவதைச் சொல்லால் தீர்க்க முடியாது, வாக்கியத்தால்தான் முடியும். ஐயா, அந்தப் பத்தியை இப்படி மாற்றிப் பாருங்கள்: “கராங்காஸில் காரணம் அறியா நோய்க் கொத்தணி ஒன்று தோன்றியது. பள்ளத்திலிருந்து எழுந்த வாயு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. உளவழித் திரள்நோயும் சேர்ந்திருக்கலாம். பெரும்பாலோர் விரைவில் தேறினர்.”

கட்டுரையாளர் ‘கூட்டு வெறி’யையே பிடித்துக்கொண்டு நின்றால் சொல்லுங்கள், நானே பேசுகிறேன். டிராய்லைட்டை அப்படியே விடுங்கள். கனிமப் பெயர்களில் கைவைத்தால் இந்த இழை அடுத்த மாதமும் ஓடும்.